தொட்டுப் பார்த்தவள்

அந்தக் காலத்தில் நாய்க்கும் நாரைக்கும் மனிதருக்கும் ஒரே மொழிதான். ஆற்றில் தண்ணீர் குடிக்க வரும் மான், கரையில் குளிக்கும் பெண்களிடம் "மலையில் மழை பிடித்துவிட்டது, சீக்கிரம் கரையேறுங்கள்" என்று சொல்லிவிட்டுப் போகும். தினைப்புனத்தில் கிளி வந்து இறங்கினால், விரட்ட வந்தவளும் கிளியும் கொஞ்ச நேரம் வாய்ச்சண்டை போட்ட பிறகுதான் பிரிவார்கள்.

ஆனால் அப்போது சொற்கள் இன்று போல் கேட்பாரற்றுத் திரியவில்லை. ஒவ்வொரு சொல்லையும் ஓர் உயிர் காவல் காத்தது. 'ஓடு' என்ற சொல் மானிடம் இருந்தது. 'முகர்' நாயிடம், 'கேள்' முயலிடம், 'சுவை' கரடியிடம். 'தொடு' என்பதை எறும்புகள் வைத்திருந்தன. 'பார்' என்ற சொல் பருந்திடம் இருந்தது. வானத்தின் உச்சியிலிருந்து புல்லுக்குள் ஓடும் எலியின் வாலைக் காணக்கூடிய கண் அதற்குத்தானே உண்டு.

மனிதர்கள் இந்தச் சொற்களை இரவல் வாங்கித்தான் பேசினார்கள். ஒரு சொல்லுக்கு ஒரு வேலை. குழம்பில் உப்பு போதுமா என்று தெரிய வேண்டுமானால் சுவைத்தார்கள், அதோடு சரி. பானை வெந்துவிட்டதா என்று தட்டினார்கள், அதோடு சரி. ஒரு சொல்லை அதன் வேலைக்குப் புறம்பாக யாராவது இழுத்தால், காவலிருந்த உயிர் அந்தச் சொல்லையே எடுத்துக்கொண்டு போய்விடும்.

அப்படி ஒருமுறை நடந்தும் இருக்கிறது. ஆற்றின் மேல்பக்கத்துக் குடியிருப்பில் ஒருவன், வராத விருந்தாளியை 'வந்தான்' என்று பொய் சொன்னான். 'வா' என்ற சொல்லைக் காத்த நாரை அதைத் தூக்கிக்கொண்டு கடற்பக்கம் பறந்துவிட்டது. அதன்பின் அந்தக் குடியிருப்பில் யாரும் யாரையும் வீட்டுக்குள் அழைக்க முடியவில்லை. கட்டிக்கொடுத்த மகள்கள் ஆசையாகப் புறப்பட்டு வந்து, வாசலில் நின்று, தாயின் வாய் சும்மா திறந்து மூடுவதைக் கண்டுவிட்டுத் திரும்பிப் போனார்கள். நாரை மனமிரங்கி வருவதற்குள் அங்கே பலர் அழுது தீர்த்துவிட்டார்கள். அதனால் எல்லாக் குடிகளும் சொல்லுக்குப் பயந்து நடந்தன.

எல்லாவற்றிலும் பெரிய சொல்லாக மனிதர்கள் நினைத்தது 'பார்த்தேன்' என்பதைத்தான். அதற்குக் காரணம் இருந்தது. ஒரு குழந்தை பிறந்தால், அடுத்த வளர்பிறை தெரிகிற நாளில் தாய் அதை ஆற்றங்கரைக்கு எடுத்து வருவாள். எல்லோர் முன்னாலும் அதன் முகத்தை வெளிச்சத்துக்குத் திருப்பி, கண்ணாரக் கண்டு, 'பார்த்தேன்' என்று சொல்லிப் பெயர் வைப்பாள். பருந்து அதைக் கேட்டு உயரே போய் அறிவிக்கும். அன்றிலிருந்து அது பார்த்த பிள்ளை. புலி அதன்மேல் பாயாது, பாம்பு தீண்டாது, முதலை அதன் காலைப் பிடிக்காது. அப்படி ஓர் உடன்படிக்கை இருந்தது. பார்க்காத பிள்ளைக்கு அந்தக் காப்பு இல்லை. தகப்பன் சொன்னால் செல்லாது. தாயால் முடியாமல் போனால் வேறொரு பெண் பார்த்துச் சொல்லலாம். ஆனால் யார் சொல்கிறாளோ அவள்தான் அன்று முதல் தாய்.

அந்த ஆறு ஒரு பாறையைச் சுற்றி வளைகிற இடத்தில் எயினி என்று ஒருத்தி இருந்தாள். அவள் கணவன் ஆதன் மாடு வளர்த்தான், கொஞ்சம் தினை விதைத்தான். அதிகம் பேசாதவன். வீட்டில் மூன்றாவது ஆள், ஆதனின் அக்கா கொற்றி. கொற்றியின் கணவனை ஒரு வெள்ளம் கொண்டுபோயிருந்தது. அதற்கு முன்னால் அவள் இரண்டு பிள்ளைகளைப் பெற்றாள். இரண்டும் வளர்பிறை தெரிவதற்குள் போய்விட்டன. ஒன்றுக்கும் பெயர் இல்லை. அவள் தாய் என்று யாரும் சொல்லவும் இல்லை, சொல்லவும் கூடாது. தம்பி வீட்டுக்கு வந்து, மாட்டுக்குத் தண்ணீர் காட்டி, கூரை வேய்ந்து, மோர் கடைந்து, தன் பாட்டில் இருந்தாள்.

எயினி கருவுற்று வயிறு நன்றாகத் தெரிந்தபிறகு அவளுக்குக் காய்ச்சல் வந்தது. மேல்காற்று புழுதியை அள்ளி வீசும் பருவம் அது. உடம்பு நெருப்பாகக் கொதித்தது. கொற்றி நொச்சித் தழையைக் கொதிக்க வைத்துப் பக்கத்திலேயே கிடந்தாள். ஒருநாள் காய்ச்சல் இறங்கியது. எயினி கண் விழித்து, "இன்னும் விடியவில்லையா?" என்று கேட்டாள்.

ஆதன் அருகில் இருந்தான். வாசல் வழியாக வந்த வெயில் அவள் கால்களில் விழுந்திருந்தது. அந்தச் சூடு மெல்ல முழங்கால்வரை ஏறியது. எயினி காலை நகர்த்தினாள். நகர்த்திய இடத்தில் குளிர்ந்தது. மறுபடி பழைய இடத்திலேயே வைத்தாள், அங்கே வெயில் இருந்தது. பிறகு அவள் எதுவும் கேட்கவில்லை. கையை நீட்டி அவன் முகத்தைத் தேடினாள். அது நனைந்திருந்தது.

குழந்தை நல்லபடியாகப் பிறந்தது. பெண். அதன் அழுகையைக் கேட்டு ஆற்றங்கரை முயல்கள் காதைத் தூக்கிக்கொண்டு, பக்கத்துப் புதர்களுக்கெல்லாம் செய்தி சொல்லின.

நல்ல செய்திதான். ஆனால் குடியிருப்பின் தலைவர் பிட்டனார் மகிழ்ச்சியோடு வரவில்லை. வந்து, முற்றத்துக் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து, கொடுத்த மோரைக் குடித்து, செம்பைக் கீழே வைத்தார்.

"எயினி, உன்னை யாரும் குறை சொல்லவில்லை அம்மா" என்றார். "காய்ச்சல் செய்த வேலை. ஆனால் பிறை நாள் வருகிறது. உன்னால் 'பார்த்தேன்' என்று சொல்ல முடியாது. சொன்னால் பருந்து அந்தச் சொல்லை எடுத்துக்கொண்டு போய்விடும். பிறகு இந்தக் குடியில் எந்தப் பிள்ளைக்கும் காப்பு இருக்காது. சொல்லாமல் விட்டால் உன் பிள்ளைக்குக் காப்பு இல்லை. இந்தப் பக்கம் போன மழைக்குப் புலி இறங்கி வந்தது உனக்கே தெரியும்."

"தெரியும்" என்றாள் எயினி.

"கொற்றி பார்க்கட்டும். ஒரே வீடு, ஒரே முற்றம். பிள்ளை எங்கே போகப்போகிறது?"

மாட்டுக்கயிற்றை முறுக்கிக்கொண்டிருந்த ஆதன் அப்போதுதான் வாய் திறந்தான். "அக்கா என்ன வேற்றாளா, எயினி?"

"மதினி வேற்றாள் இல்லை" என்றாள் அவள். "நானும் வேற்றாள் இல்லையே."

ஆதன் மறுபடி கயிற்றை முறுக்கத் தொடங்கினான். பிறகு எயினியே, "பிள்ளை நன்றாக இருக்க வேண்டும். அப்படியே ஆகட்டும்" என்றாள்.

கொற்றி இதையெல்லாம் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டாள். வைக்கோற்போருக்குப் பின்னால் போய், யாரும் காணாமல் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். துக்கத்தில் அழவில்லை. தனக்கு ஒரு பிள்ளை வரப்போகிறது என்ற சந்தோஷம் அவளைப் பிடித்து உலுக்கியது. இன்னொருத்தியின் இழப்பில் இப்படிச் சந்தோஷம் வருகிறதே என்ற வெட்கமும் கூடவே வந்தது. முகத்தைக் கழுவிக்கொண்டு உள்ளே போனாள்.

அந்த நாட்களில் கொற்றிதான் குழந்தையைக் குளிப்பாட்டினாள். கால்களை நீட்டி, அதன்மேல் குழந்தையைக் கிடத்தி, இளஞ்சூட்டு நீரை ஊற்றும்போது எயினி பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள்.

"எப்படி இருக்கிறாள், மதினி?"

"மூக்கு ஆதனுடையது, பாவம். நெற்றி உன்னுடையது. தலைமுடி இன்னும் யாருடையது என்று தெரியவில்லை, பூனைமுடி மாதிரி இருக்கிறது."

எயினி சிரிப்பாள். பிறகு ஈரம் துவட்டிய குழந்தையை வாங்கி, உச்சியில் மூக்கை வைத்து நெடுநேரம் இருப்பாள். காதின் பின்புறம், கழுத்து மடிப்பு, உள்ளங்கால் என்று விரல் ஒவ்வோர் இடமாகப் போய்வரும். ஓர் அங்குலத்தையும் விடாது. கொற்றிக்கு முதலில் அதைக் காணப் பாவமாக இருந்தது. பிறகு அந்த விரல்கள் போகும் வழியைக் காண்பதற்காகவே குளிப்பாட்டும் நேரத்துக்குக் காத்திருந்தாள்.

ஒரு நண்பகலில் குழந்தை வீறிட்டு அழ ஆரம்பித்தது. பால் கொடுத்தாலும் குடிக்கவில்லை. கொற்றி துணியை அவிழ்த்து உடம்பு முழுவதும் கண்ணால் தேடினாள். எறும்பு கடித்ததா என்று தேடினாள். எதுவும் இல்லை. வயிற்று வலியாக இருக்கும் என்று ஓமம் எடுக்க ஓடினாள். திரும்பி வருவதற்குள் அழுகை தேம்பலாகியிருந்தது.

எயினி குழந்தையின் இடது பாதத்தை வாய்க்கருகே வைத்துக்கொண்டு எதையோ பல்லால் நறுக்கிக்கொண்டிருந்தாள். காய்ச்சலுக்குப் பிறகு அவளுக்கு முடி கொத்துக் கொத்தாகக் கொட்டிக்கொண்டிருந்தது. அதில் ஒரு மயிர் குழந்தையின் சுண்டுவிரலைச் சுற்றி இறுகியிருந்தது. விரல் வீங்கி, அந்த வீக்கத்தின் மடிப்புக்குள் மயிர் புதைந்து கண்ணுக்கு மறைந்துவிட்டது. எயினி நறுக்கிய மயிரை நாக்கு நுனியால் எடுத்தாள். நீலம் பாரித்த விரல் கொஞ்சம் கொஞ்சமாகச் சிவந்தது.

"எப்படித் தெரிந்தது உனக்கு?" என்றாள் கொற்றி.

"அழும்போது ஒரு காலை மட்டும் இழுத்துக்கொண்டாள், மதினி. மடியில் அது தெரிந்தது. விரல் விரலாகத் தொட்டேன். இந்த ஒன்று மட்டும் சில்லென்று இருந்தது."

கொற்றி ஓமத்தைக் கையில் வைத்தபடியே நின்றாள். தன் கண் அந்த விரலின்மேல் இரண்டு தடவை போய்வந்தது அவளுக்கு நினைவு இருந்தது. அந்தக் கண்ணை நம்பித்தான் சற்று முன்னால் அவள் ஓமம் எடுக்க ஓடினாள். இன்னும் சில நாளில் அதே கண்ணை வைத்துத்தான் 'பார்த்தேன்' என்று சொல்லப்போகிறாள்.

அன்று மாலை ஆற்றுக்குக் குளிக்கப் போனவள் இருட்டும்வரை வரவில்லை. தேடிப்போன ஆதனிடம், "தண்ணீர் நன்றாக இருந்தது" என்று மட்டும் சொன்னாள்.

பிறை நாள் வந்தது. ஆற்றங்கரைப் பாறையைச் சுற்றிக் குடியிருப்பே கூடியது. உயிர்களும் வந்தன. நாய் முன்வரிசையில் குந்தியது. முயல்கள் மனிதரின் கால்களுக்கிடையில் இடம் பிடித்தன. தூரத்தில், மூங்கில் புதருக்குப் பக்கத்தில் கரடி நின்றது. பாறை மேலே எறும்புகள் வரிசை கட்டி நின்றன. பட்டுப்போன மரத்தின் உச்சிக் கொம்பில் பருந்து வந்து அமர்ந்தது. அது அடைகாக்கும் காலம். கூட்டை விட்டு நெடுநேரம் இருக்க முடியாத அவசரம் அதன் சிறகில் தெரிந்தது.

கொற்றி குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். அவள் தோளில் கைவைத்து எயினி பின்னால் நடந்து வந்தாள். குழந்தைக்கு அன்று காலையில் எயினிதான் பால் கொடுத்து, தலைவாரி, மஞ்சள் பூசினாள். கரையை நெருங்கியதும் அவள் கை தோளிலிருந்து இறங்கியது. ஓர் ஓரமாக ஆதனின் பக்கத்தில் போய் நின்றுகொண்டாள்.

"கொற்றி, பிள்ளையைப் பார்த்துச் சொல்" என்றார் பிட்டனார்.

கொற்றி குழந்தையின் முகத்தை வெளிச்சத்துக்குத் திருப்பினாள். அது கண்ணைச் சுருக்கிக் கொட்டாவி விட்டது. ஆதனின் மூக்கு. அவளுடைய அம்மாவின் தாடை. அவள் பெற்ற இரண்டாவது பிள்ளைக்கும் இதே தாடைதான். ஒரு சொல் சொன்னால் போதும். இந்தக் குழந்தை வளர்ந்து, காலைக் கட்டிக்கொண்டு, அவளை 'அம்மா' என்று அழைக்கும். அவள் வாயைத் திறந்தாள்.

குழந்தை அவள் கையில் நெளிந்தது. தலையை ஒருபக்கமாகத் திருப்பி மூக்கைச் சுளித்து, வாசனை பிடித்து, எயினி நிற்கும் பக்கம் தலையைச் சாய்த்தது.

கொற்றி வாயை மூடிக்கொண்டாள். நடந்து போய்க் குழந்தையை எயினியின் கையில் வைத்தாள்.

"இவள் முகம் என் கண்ணுக்குத் தெரிகிறது" என்றாள் பிட்டனாரிடம். "ஆனால் இவளைப் பார்த்தது நான் இல்லை. நான் சொன்னால் அதுதான் பொய்."

கூட்டத்தில் சலசலப்பு எழுந்தது. கைப்பிள்ளைக்காரிகள் பிள்ளைகளை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்கள். "கொற்றி, என்ன காரியம் செய்கிறாய்?" என்றார் பிட்டனார். "எல்லாப் பிள்ளைகளின் காப்பும் இதில் இருக்கிறது."

எயினி குழந்தையைத் தோளில் சாய்த்தாள். அவளுக்கு எதுவும் திட்டம் இல்லை. ஆனால் குழந்தை கைக்கு வந்ததும் விரல்கள் தம் வேலையைச் செய்தன. நெற்றி, புருவம், கன்னம், தாடை, காதுமடல், அந்தச் சுண்டுவிரல். உச்சியை முகர்ந்தாள். நெஞ்சின்மேல் காதை வைத்தாள். பிறகு பருந்து இருக்கும் திசை எதுவென்று தெரியாமல், ஆற்றின் பக்கம் முகத்தைத் திருப்பிச் சொன்னாள்.

"தொட்டுப் பார்த்தேன்."

அப்படி இரண்டு சொற்களை அதுவரை யாரும் சேர்த்ததில்லை.

பருந்து கொம்பை விட்டு இறங்கிப் பாறையின்மேல் வந்து நின்றது. அதன் நிழல் எயினியின் முகத்தைக் கடந்து போயிற்று.

"பெண்ணே, அந்தச் சொல் கண்ணுக்கு உரியது" என்றது. "நீ தொட்டாய். தொட்டேன் என்று சொல். அதற்கு எறும்பு உத்தரவு கொடுத்திருக்கிறது. என் சொல்லை விட்டுவிடு. இல்லாவிட்டால் நான் அதை எடுத்துக்கொண்டு போகவேண்டி வரும்."

"தொட்டேன் என்று சொன்னால் போதவில்லை" என்றாள் எயினி. "அடுப்புக் கல்லையும் தொடுகிறேன். கதவையும் தொடுகிறேன். என் மகளிடம் நான் செய்வது அது இல்லை. அதற்கு வேறு சொல் இருந்தால் கொடு, அதையே சொல்கிறேன்."

பருந்து யோசித்தது. கொடுக்க அதனிடம் வேறு சொல் இல்லை. "இல்லாததற்கு நான் என்ன செய்ய? சட்டம் சட்டம்தான்" என்று சிறகை விரித்தது. குழந்தைகளை வைத்திருந்த பெண்கள் அழத் தொடங்கினார்கள். எயினியின் காதில் அந்த அழுகை விழுந்தது. தன் பிள்ளைக்காக எல்லாப் பிள்ளைகளையும் புலிக்குக் கொடுப்பதா என்று நினைத்தாள். சொன்ன சொல்லைத் திரும்ப வாங்க அவள் வாயெடுத்தாள்.

அதற்குள் கொற்றி பருந்துக்கு முன்னால் போய் மண்டியிட்டாள்.

"தாயே, ஒன்று கேட்கிறேன். கூட்டில் முட்டை வைத்திருக்கிறாயா?"

"இரண்டு" என்றது பருந்து. கோபத்திலும் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் இருக்க அதனால் முடியவில்லை.

"இரண்டும் உயிரோடு இருக்கின்றனவா? நான் இரண்டு பெற்று இரண்டையும் பறிகொடுத்தவள். அதனால் கேட்கிறேன்."

பருந்தின் கழுத்து இறகுகள் மெல்லப் படிந்தன. "இருக்கின்றன. ஒன்று துடிப்பானது. மற்றது கொஞ்சம் மந்தம், ஆனாலும் பிழைத்துக்கொள்ளும்."

"உன் கண் ஓட்டைத் தாண்டி உள்ளே போகுமா?"

"எந்தக் கண்ணும் போகாது."

"பிறகு எப்படித் தெரியும்?"

"ஏன் தெரியாது? நான் பெற்றவை" என்றது பருந்து. "விடியும்போதெல்லாம் அலகால் மெல்லப் புரட்டுவேன். சூடு ஒரே மாதிரி இருக்கிறதா என்று மார்பை வைப்பேன். இன்று கிளம்பும்போதுகூட ஓட்டின்மேல் காதை வைத்துக் கேட்டுப் பார்த்தேன். உள்ளே ஒன்று—"

அங்கேயே நின்றுவிட்டது.

நாய் தலையைத் தரையில் வைத்துக்கொண்டது. முயலின் காதுகள் இரண்டும் விறைத்து நின்றன, அதன் சொல்லோடுதானே பருந்தின் சொல் போய் ஒட்டிக்கொண்டது. யாரும் பருந்தைக் குற்றம் சொல்லவில்லை. அதை நிமிர்ந்து காணவே எல்லோருக்கும் கூச்சமாக இருந்தது.

பருந்து விரித்த சிறகை மடக்கியது. பிறகு, "வாய் தவறவில்லை" என்றது தனக்குத்தானே. "வேறு எப்படிச் சொல்லியிருப்பேன்? கேட்டேன் என்றால் அது காற்றைக் கேட்பது. நான் செய்தது அது இல்லை." அது எயினியின் பக்கம் திரும்பியது. "இந்தச் சொல்லை நான் கண்ணோடு கட்டி வைத்தால், ஓட்டுக்குள் இருக்கும் என் குஞ்சுகளை நானே பார்க்காதவளாகிவிடுவேன். அது எனக்குச் சம்மதமில்லை."

பிறகு மற்ற உயிர்களிடம் பேசியது. "எறும்பே, முயலே, நாயே, கரடியே, உங்கள் சொற்களை என் சொல்லுக்குத் துணையாக விடுவீர்களா?"

"எப்படி?" என்றது கரடி.

பருந்து எயினியைக் காட்டியது. "இவள் இங்கே எப்படி நடந்து வந்தாள்? முன்னால் ஒருத்தி, அவள் தோளில் கைவைத்துப் பின்னால் இவள். அதுபோல உங்கள் சொல் முன்னே போகட்டும். என் சொல் அதன் தோளைப் பிடித்துக்கொண்டு பின்னால் வரட்டும். கண் போகாத இடத்துக்கும் அது போய்ச் சேர்ந்துவிடும்."

எறும்புகள் கூடிப் பேசிச் சரி என்றன. நாய் வாலை ஆட்டியது. கரடிக்குக் கொஞ்சம் தயக்கம், ஆனால் அதற்கும் குட்டிகள் உண்டு.

"இப்போது சொல், பெண்ணே" என்றது பருந்து.

எயினி குழந்தையைத் தூக்கிப் பிடித்தாள். "தொட்டுப் பார்த்தேன். முகர்ந்து பார்த்தேன். கேட்டுப் பார்த்தேன். இவள் என் மகள். இவள் பெயர் நறுவீ."

நறுவீ என்றால் மணமுள்ள பூ. அந்த உச்சியை முகர்ந்தவளுக்கு வேறு பெயர் தோன்றவில்லை. பருந்து எழும்பி, ஆற்றுக்கு அக்கரையிலும் மலைச்சரிவிலும் அந்தப் பெயரைச் சொல்லிக்கொண்டே வட்டமிட்டது. சொல்லி முடித்ததும் நேராகக் கூட்டுக்குப் பறந்தது.

அதன்பின் அந்தச் சொல் சும்மா இருக்கவில்லை. கட்டுத்தறியில் இருந்து அவிழ்த்துவிட்ட கன்றுபோலக் குடியிருப்பு முழுவதும் ஓடியது. பெண்கள் குழம்பைச் சுவைத்துப் பார்த்தார்கள். பானை வாங்கப் போனவர்கள் தட்டிப் பார்த்தார்கள். அதுவரை ஒரு காரியத்தைச் செய்வது, செய்யாமல் விடுவது என்று இரண்டே வழி வைத்திருந்த மனிதர்கள், முடியுமோ முடியாதோ என்று சந்தேகமான காரியங்களைக்கூடச் செய்து பார்க்கத் துணிந்தார்கள். பிட்டனார்கூட, பின்பு ஒரு வழக்கு வந்தபோது, "அவசரப்படாதீர்கள், யோசித்துப் பார்க்கிறேன்" என்றாராம். அதுவரை அவர் யோசிக்க மட்டும்தான் செய்திருந்தார்.

ஆனால் கொற்றி முன்னைவிட அமைதியாகிவிட்டாள். குழந்தையைக் குளிப்பாட்டினாள், தாலாட்டினாள். குழந்தை கை நீட்டினால் வாங்கிக்கொள்வாள். அது எயினியிடம் போகச் சிணுங்கும் முன்பே திருப்பிக் கொடுத்துவிடுவாள், தனக்கு உரிமையில்லாததை அதிக நேரம் வைத்திருக்கக் கூடாது என்பதுபோல. கண் தெரியாதவளுக்கு அது தெரியாமல் போகுமா? வாங்கும்போது மதினியின் கைகள் தளர்கிற விதத்திலிருந்தே எயினிக்குத் தெரிந்தது. என்ன சொல்வதென்றுதான் தெரியவில்லை.

தினை முற்றியது. எயினியும் கதிர் கொய்யப் போக வேண்டும் என்றாள். முற்றிய கதிரைக் கையே சொல்லிவிடும், அதற்குக் கண் எதற்கு என்றாள். ஆதன் அவளைக் கூட்டிப்போக, அதிகாலை வெயிலில் முற்றத்தில் நின்றான். எயினி நறுவீயை இடுப்பில் வைத்துக்கொண்டு கொற்றியின் முன்னால் வந்தாள்.

பிள்ளையைக் கொஞ்சம் பிடியுங்கள் என்று சொல்ல நினைத்தாள். அது சுமைக்குச் சொல்கிற சொல். காவல் இருங்கள் என்று சொல்ல நினைத்தாள். அது கள்வனுக்குப் பயந்து சொல்கிறது. தன் மதினி செய்வது இரண்டும் இல்லை. எயினி கொற்றியின் கையைத் தேடிப் பிடித்து, அந்தக் கையில் குழந்தையை வைத்து, மேலே தன் கையையும் வைத்தாள்.

"மதினி, இவளைப் பார்த்து..." என்றாள். அதோடு நிற்க அவளுக்கு மனம் வரவில்லை. "பார்த்து, நீங்களே கொள்ளுங்கள். உங்கள் பிள்ளையாகவே கொள்ளுங்கள்."

நறுவீ அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு, காதோலையைப் பிடித்து இழுத்தது. இந்த முறை அவள் கைகள் தளரவில்லை.

"நீ போய் வா, எயினி" என்றாள். "வெயிலுக்கு முன்னால் கொய்து முடி. இவளை நான் பார்த்துக்கொள்கிறேன்."

அந்த அறுவடைக் காலையிலிருந்துதான், பெற்ற பிள்ளையை இன்னொருத்தி கையில் கொடுத்துவிட்டு வேலைக்குக் கிளம்புகிற எந்தத் தாயும், வாசலைத் தாண்டும் முன் ஒரு கணம் நின்று, "பார்த்துக்கொள்" என்று சொல்லிவிட்டுப் போகிறாள்.